முட்டித் தள்ளும்போது சுமோ றோபோ முழுதாக அணையுது: பற்றரியா, சுவிச்சா?

கேள்வி (கொக்குவில்)
வணக்கம். என்ர சுமோ றோபோவில் (எதிராளியை வளையத்துக்கு வெளியே தள்ளுறது) 18650 லித்தியம் செல் 3 தொடராக, 20 அம்பியர் பிஎம்எஸ் (பற்றரிப் பாதுகாப்புச் சுற்று), ரொக்கர் சுவிச், பிடிஎஸ்7960 மோட்டர் டிரைவர் 2, கியர் மோட்டர் 4, எல்எம்2596 (5 வோல்ற்றுக்குக் குறைக்கிறது) வழியாக இஎஸ்பி32 கட்டுப்பாட்டு போர்ட். சும்மா ஓடினால் பிரச்சினை இல்லை. எதிராளியை முட்டித் தள்ளினால் எல்லாம் அணையுது. சுவிச்சை நிப்பாட்டிப் போட்டால் வருது. பற்றரி 12.2 வோல்ற் காட்டுது. யூஎஸ்பி வயர் செருகினால் இஎஸ்பி32 போர்ட் அணையுதில்லை. சனிக்கிழமை போட்டி.

பதில் (கோண்டாவில்)
தம்பி, யூஎஸ்பி செருகினால் கணினியே போர்ட்டுக்கு 5 வோல்ற் குடுக்கும், பிழை மறைஞ்சிடும். அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கோ. சும்மா நிக்கிற பற்றரியின் 12.2-ம் உதவாது, சுமையில் அளக்கவேணும்.

5 வோல்ற் தாழ்ந்து போர்ட் மட்டும் ரீசெற் ஆனால் அது தானாகவே திரும்பத் தொடங்கும். உங்களுடையது சுவிச் போடும்வரை எழும்பாததால் பிஎம்எஸ் வெட்டுது எண்டுதான் என்ர சந்தேகம். அடுத்தமுறை அணைஞ்ச உடனே, சுவிச்சைத் தொடாமல், இரண்டு இடத்தில் அளவுங்கோ: பிஎம்எஸ்ஸின் செல் பக்கம், வெளியீட்டுப் பக்கம். செல் பக்கம் 12 இருந்து வெளியீடு பூச்சியத்துக்குக் கிட்ட எண்டால் பிஎம்எஸ். வெளியீடும் 12 எண்டால் சுவிச் அல்லது அதுக்குப் பிறகு உள்ள இணைப்பு.

கேட்டவர்
செல் பக்கம் 12.1, வெளியீடு 0.4. மோட்டர் ஒன்றின் தடை 2 ஓம்.

பதில் (கோண்டாவில்)
அப்ப விடை வந்திட்டுது. சக்கரம் பூட்டி நிக்கும்போது 12 ÷ 2 = 6 அம்பியர்; நாலுக்கும் 24. அது 20 அம்பியர் பிஎம்எஸ்ஸின் எல்லைக்கு மேல, அதால வெட்டுது. சுமை நீங்கினால் விடுது, அதுதான் சுவிச் போட வருது. பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேரே வயர் குடுக்காதேங்கோ, பழைய லப்டொப் செல் எண்டால் சூடேறித் தீப்பிடிக்கும். 3எஸ் (3 செல் தொடர்) 2200 மில்லி அம்பியர்மணி, 30சி (கொள்ளளவின் 30 மடங்கு) லைப்போ (லித்தியம் பொலிமர் பற்றரி) கணக்குப்படி 2.2 × 30 = 66 அம்பியர் தாங்கும். எக்ஸ்டி60 இணைப்பி, 14 கேஜ் சிலிக்கன் வயர், நேர்முனைக்குக் கிட்ட 30 அம்பியர் பியூஸ். செல்லுக்கு 3.5 வோல்ற்றில் கத்துற அலாரமும் கட்டாயம்.

பதில் (நெல்லியடி)
லைப்போ சனிக்குள்ள கைக்கு வராட்டி இஎஸ்பி32-இன் புரோகிராம் கோடில் மாத்துங்கோ. முழு வேகத்தில் முன்னுக்குப் போகேக்க சடாரெண்டு பின்னுக்குக் குடுத்தால், மோட்டர் சுத்தேக்க தானே உண்டாக்கிற எதிர் மின்னழுத்தமும் சேர்ந்து பூட்டி நிக்கிறதை விட ஏறத்தாழ இருமடங்கு இழுக்கும். பிடபிள்யூஎம்மை (மோட்டருக்குக் குடுக்கிற வேக அளவு) 150 மில்லிசெக்கனில் படிப்படியாக ஏத்துங்கோ. தள்ளும்போது 70 வீதத்துக்கு மேல விடாதேங்கோ. தள்ளு பலம் குறையும், ஆனா அணைஞ்ச றோபோவை விட அது மேல்.

சுவிச்சையும் பாருங்கோ. 6 அம்பியர் எண்டு அடிச்ச சின்ன ரொக்கர் இதுக்குப் போதாது. மோட்டரைப் பூட்டி 2 செக்கனுக்குள்ள சுவிச்சின் இரு முனைக்கு நடுவில அளவுங்கோ: 0.1 வோல்ற்றுக்கு மேல வந்தால் மாத்துங்கோ.