கீமோவுக்குப் பிறகு வரும் களைப்பு: சத்துக் குளிசைகள் உங்களுக்குக் கைகொடுத்தனவா?

புதுக்குடியிருப்பிலிருந்து (மார்புப் புற்றுநோய், கீமோ முடிந்துவிட்டது)

வயலில் நாள் முழுக்கக் குனிந்து நின்ற களைப்பு படுத்து எழும்பினால் போய்விடும். மருந்து ஏற்றின பிறகு வருகிற களைப்பு படுத்தாலும் போகாது. தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போதே கை சோர்ந்துவிடும். பாதித் தேங்காயைத் திருவலையடியில் வைத்துவிட்டு அப்படியே பாயில் சரிந்துவிடுவேன். ஏற்றின அன்றைக்கு இவ்வளவு தெரியாது, அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் ஆளைச் சாய்க்கும். எங்கள் பக்கத்திலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதும் சின்னப் பாடில்லை. பரந்தனில் பஸ் மாறி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்.

எனக்கு வருத்தம் என்று தெரிந்ததும் போத்தல்கள் வரத் தொடங்கின. கனடாவிலிருந்து மச்சாள் பெரிய பார்சல் அனுப்பினா. மல்டிவிட்டமின், விட்டமின் சி, மஞ்சள் கப்சூல், ஜின்செங் என்கிற வேர்மருந்து, உடம்புக்குச் சக்தி தரும் என்று விற்கிற கோகியூ10 எல்லாம் அதற்குள் இருந்தன. ஒருவர் வீட்டுக்கே வந்து ஒரு பொடியைக் காட்டி, இதைக் குடித்தால் கீமோவே தேவையில்லை என்றார். தோட்டை அடகு வைத்தாவது வாங்கச் சொன்னார். இயலாமல் கிடக்கிற ஆளிடம் இப்படி வியாபாரம் பேசுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. படலையோடு திருப்பி அனுப்பினோம்.

மச்சாளின் போத்தல்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். டொக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பி லேபலை வாசித்தார். அப்புறம் என் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார். "உங்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கு. அதுக்கு நான் தாற குளிசை காணும். மற்றதுகளை மருந்து ஏத்தி முடியும்வரைக்கும் எடுக்க வேண்டாம்" என்றார். கீமோவால், இரத்தம் உண்டாகிற எலும்பு மச்சை தளர்ந்து இரத்தம் குறைவது வேறு, இரும்பு இல்லாமல் குறைவது வேறு என்பதையும் விளங்கப்படுத்தினார். முதலாவதற்கு இரும்புக் குளிசை எவ்வளவு விழுங்கினாலும் பலனில்லையாம். பரிசோதிக்காமல் பாமசியில் வாங்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வது இதனால்தான்.

இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு எடுக்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது. நாங்கள் காலையிலிருந்து பின்னேரம்வரை பிளேன்டீ குடிக்கிற ஆட்கள் என்பதால் இதைக் கவனிக்க வேண்டும். நான் தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் சொல்லுங்கள், குளிசையை மாற்றித் தருவார்கள்.

மாமி பச்சை முட்டையை நல்லெண்ணெயில் அடித்துக்கொண்டு வந்தா. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மாதிரி எனக்கும் தெம்பு வரட்டும் என்ற பாசம். ஆனால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிற நேரத்தில் பச்சை முட்டை ஆகாது என்று வாட்டில் மிஸ் முதலே சொல்லியிருந்தா. மாமியிடம் சொன்னதும் அடுத்த நாள் அதே முட்டையை நன்றாக அவித்து, உளுத்தங்களியோடு கொண்டுவந்தா. மீன் வாசம் பிடிக்காமல் போன நாட்களில் அந்த முட்டையும் பயறும் குரக்கன் கூழும்தான் என்னைத் தாங்கின. ஒரேயடியாகச் சாப்பிட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை.

இன்னொன்று, நடை. களைத்த ஆளை நடக்கச் சொன்னால் கோபம்தான் வரும், எனக்கும் வந்தது. முதலில் படலை வரைக்கும், பிறகு ரோட்டுக்கு, பிறகு வைரவர் கோயிலடி வரைக்கும். எந்தப் போத்தலையும்விட எனக்கு உடம்பை மீட்டுத் தந்தது அந்த நடை.

கிளிநொச்சியிலிருந்து (பாமசியில் வேலை)

அக்கா, பையோடு கொண்டுபோய்க் காட்டினது மிக நல்ல வேலை. நீங்கள் சொன்ன போத்தல்கள் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கோகியூ10 மார்புப் புற்றுநோய்ப் பெண்களிடம் பரிசோதிக்கப்பட்டு, 2013இல் முடிவு வந்தது. மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட இவர்களுக்குக் களைப்பு கூடுதலாகக் குறையவில்லை. களைப்புக்கென்று விற்கிற இன்னொரு சத்தான எல்-கார்னிட்டின் பற்றி 2012இல் வந்த பெரிய ஆய்வும் அதே கதைதான். அமெரிக்க ஜின்செங் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தந்தது: 364 பேர், நாளுக்கு 2000 மில்லிகிராம், எட்டாவது கிழமையில்தான் வித்தியாசம் தெரிந்தது. அதற்காக எல்லாரும் வாங்கலாம் என்று இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்களுக்கு அது மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கடையில் ஜின்செங் என்று விற்கிறதெல்லாம் அந்த இனமும் இல்லை.

மஞ்சள் கறிக்குப் போடுகிற அளவு பிரச்சினையில்லை. செறிவான கப்சூலால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. விட்டமின் சி, ஈ போன்றவற்றைக் கீமோ நேரத்தில் பெரிய அளவில் எடுத்தால் மருந்தின் வேலையைத் தடுக்கலாம் என்ற கவலை பல வைத்தியர்களுக்கு உண்டு.

செட்டிகுளத்திலிருந்து (அப்பாவுக்காக எழுதுகிறேன்)

எங்கள் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் நிறைய. அப்பாவுக்கும் இரத்தத்தில் கிரியேட்டினின் கூட, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. கீமோ தொடங்கியதும் சொந்தக்காரர் புரதப் பவுடர் டின் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சிறுநீரகம் இப்படி இருக்கிறவருக்கு எவ்வளவு புரதம் என்று கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். விட்டமின் சி பெரிய அளவில் எடுத்தாலும் சிறுநீரகத்துக்குக் கூடாதாம். அப்பாவுக்கு ஏற்றியது சிஸ்பிளாட்டின். அது மக்னீசியத்தைக் குறைக்கக் கூடிய மருந்து. பரிசோதித்துப் பார்த்ததில் அப்பாவுக்கும் குறைந்துதான் இருந்தது. அதைச் சரிப்படுத்திய பிறகு கால் நடுக்கமும் சோர்வும் கொஞ்சம் தணிந்தன. வவுனியா, மன்னார்ப் பக்கத்து ஆட்கள் கிளினிக்கில் சிறுநீரகக் கதையை முதலே சொல்லிவிடுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து

தம்பி, அப்பாவை நடுப்பகல் வெயிலில் நடக்க விடாதையுங்கோ, விடியவோ பின்னேரமோ போதும். மருந்து முடிந்து மாதக்கணக்காகியும் களைப்பு விடாதவர்கள் தைரொயிட்டையும் ஒருக்காச் சோதிக்கக் கேளுங்கள். நித்திரை வராததையும் மனம் சோர்ந்திருப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவையும் களைப்பாகத்தான் வெளியே வரும். ஜின்செங் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், டொக்டர் எப்போது தொடங்கச் சொன்னார் என்று எழுதுங்கள். மச்சாளின் போத்தல் இன்னும் உடைக்காமல் இருக்கிறது, அடுத்த கிளினிக்கில் நானும் கேட்கப்போகிறேன்.