கயானா: கிரிக்கெட்டில் வெஸ்ட் இண்டீஸ், மேப்பில் தென் அமெரிக்கா?

மிளகுத்தூள்:
பழைய ஸ்கோர்கார்டு ஒன்றைப் புரட்டினால் வெஸ்ட் இண்டீஸ் டீமில் வீரசாமி பெருமாள் என்று ஒரு பெயர். நம்ம ரேஷன் கார்டில் இருக்க வேண்டிய பெயர்! தேடிப் பார்த்தால் ஆள் கயானா. மேப்பில் அது தீவுகூட இல்லை, வெனிசுலாவுக்கும் சுரினாமுக்கும் நடுவில் கிடக்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள், யார் ஆள்கிறார்கள்? எண்ணெயில் கொழிக்கிறார்கள் என்பது நிஜமா?

கரும்புச்சாறு:
பெயர்க்கதை சோகக்கதை. அடிமைமுறை ஒழிந்ததும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்குக் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. 1838 முதல் 1917 வரை ஏறக்குறைய 2.4 லட்சம் பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். முக்கால்வாசிக்கு மேல் கல்கத்தாவில் கப்பலேறிய வடக்கத்தியர், சென்னையிலிருந்து போனவர்கள் கொஞ்சம்தான். அவர்கள் வம்சத்துக்கு இன்றும் 'மெட்ராசி' என்றுதான் பெயர். தமிழ் பேச்சு போயே போய்விட்டது, ஆனால் மாரியம்மன் பூஜையில் தப்பும் உடுக்கையும் இன்னும் முழங்குகின்றன. 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் பெயர் மோசஸ் வீரசாமி நாகமுத்து, போதுமா?

ஆட்சிமொழி ஆங்கிலம். அரசியல் பெரும்பாலும் இந்திய வம்சாவளி ஒரு கட்சி, ஆப்பிரிக்க வம்சாவளி ஒரு கட்சி என்று ஓடுகிறது. 2020 மார்ச்சில் ஓட்டுப் போட்டு, எண்ணிக்கைத் தகராறு முடிந்து இர்ஃபான் அலி அதிபராகப் பதவியேற்க ஆகஸ்ட் ஆகிவிட்டது.

மதகுக்காரன்:
ஊரின் அமைப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. மொத்தமே சுமார் 8 லட்சம் பேர், அதில் பத்தில் ஒன்பது பேர் கடலோரப் பட்டையில், உள்ளே முழுக்கக் காடு. அந்தக் கடலோரம், கடல் ஏறும்போது தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் வாய்க்கால் வெட்டி மதகு வைத்தார்கள், அதற்கு 'கோக்கர்' என்று பெயர். கடல் வற்றும்போது கதவைத் தூக்கி மழைத்தண்ணீரை வெளியே விடுவார்கள், ஏறும்போது இறக்கிவிடுவார்கள். அடைமழையும் ஏற்றமும் ஒன்றாக வந்தால் தண்ணீர் போக வழியில்லை. 2005 ஜனவரியில் தலைநகர் ஜார்ஜ்டவுனும் சுற்றுப்புறமும் அப்படித்தான் மூழ்கின. பழைய மரவீடுகள் தூண்மேல் நிற்பது அழகுக்காக இல்லை.

மிளகுத்தூள்:
சரி, எண்ணெய்க் காசு என்ன ஆச்சு அண்ணே?

மதகுக்காரன்:
2015-இல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸான்மொபில் கடலுக்கடியில் கண்டுபிடித்தது, 2019 டிசம்பரில் எடுக்க ஆரம்பித்தார்கள். முன்னே சர்க்கரை, அரிசி, தங்கம், பாக்சைட்தான். இப்போது ஜிடிபி எகிறுகிறது, ஆனால் ஒப்பந்தத்தைப் பாருங்கள்: ராயல்டி, அதாவது எடுக்கும் எண்ணெய்க்காக நாட்டுக்குத் தரும் பங்கு, 2 சதவீதம். எடுக்கும் மொத்த எண்ணெயில் முக்கால் பங்குவரை கம்பெனி 'செலவு' என்று முதலில் எடுத்துக்கொள்ளலாம், மிச்சம்தான் பாதிக்குப் பாதி. கணக்குப் போட்டால் செலவு கழிக்கும் காலத்தில் நாட்டுக்கு 14.5 சதவீதம்தான். என்னைக் கேட்டால் ஏமாளித்தனமான கையெழுத்து.

கரும்புச்சாறு:
அதையும் பிடுங்க ஆள் நிற்கிறதே. எஸ்ஸெகிபோ, அதாவது நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு, தன்னுடையது என்று 2023 டிசம்பரில் வெனிசுலா வாக்கெடுப்பே நடத்தியது. எல்லையை வகுத்த 1899 தீர்ப்பு செல்லுமா என்ற வழக்கு ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.