கோடை இடிமழை முன்னோட்டம்: ‘கேப்’, ‘சின்’ இரண்டுக்கும் தமிழ்ச்சொல்

திருத்தணியிலிருந்து:

அன்புடையீர்,

ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை திருத்தணி, சோளிங்கர், குடியாத்தம், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர், சித்தூர் சமவெளிக்கு வெயில், இடிமழை முன்னோட்டம் எழுதும்போது ஒரே வாக்கியம் வாரம் முழுக்கத் திரும்பி வருகிறது: “வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை.” வாக்கியத்தில் பிழையில்லை. ஆனால் 39 டிகிரி அடித்தும் வானம் வெறிச்சென்று கிடக்கும் நாளுக்கும், 41 டிகிரி அடித்து மாலை ஆறு மணிக்கு இடித்துக் கொட்டும் நாளுக்கும் உள்ள வேறுபாடு அதில் இல்லை. அந்த வேறுபாடு ‘சின்’ (CIN) என்ற அளவில் இருக்கிறது.

‘கேப்’ (CAPE) என்பது மேலெழும் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல். கிலோகிராமுக்கு 1000 ஜூலுக்குக் கீழே மெலிவு, 2500ஐத் தாண்டினால் வலுவான இடிமேகத்துக்குப் போதும். ‘சின்’ என்பது அந்த ஆற்றலைத் தொடவிடாமல் அடியில் மறிக்கும் அளவு. கேப் 3000, சின் 200 என்றால் பெரும்பாலும் மழை இல்லை. கேப்பை மட்டும் பார்த்து ‘வாய்ப்பு அதிகம்’ என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

என் முன்மொழிவு: கேப் = மிதப்பாற்றல், சின் = எழுதடை. கருத்துச் சொல்லுங்கள்.

---

புத்தூரிலிருந்து:

வணக்கம் ஐயா. மிதப்பாற்றல் சரி. இயற்பியல் பாடத்தில் மிதப்பு விசை ஏற்கெனவே இருக்கிறது, அதனோடு ஒட்டிக்கொள்ளும்.

> சின் = எழுதடை

இது சரிவராது. ‘எழுதடை’ வினைத்தொகையாகிவிடும்: எழுகின்ற தடை, எழுந்த தடை. எழுவது காற்று, தடை எழவில்லை. தவிரவும் வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு ‘எழுத’ என்றுதான் முதலில் படும். ‘எழுச்சித்தடை’ என்றால் எழுச்சிக்குத் தடை, நான்காம் வேற்றுமைத் தொகை. வல்லெழுத்து மிக வேண்டும், ‘எழுச்சிதடை’ என்று எழுதிவிடக் கூடாது.

---

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம். புதுச்சொல் எதற்கு? “இறுக்கமா இருக்கு, ராத்திரி இடிக்கும்” என்று ஊரில் சொல்வதைத்தானே நாம் தேடுகிறோம்? சித்தூர்ப் பக்கத்தில் தெலுங்கில் உக்கபோத்த என்கிறார்கள். ‘இறுக்கம்’ என்றே வைத்தால் மாந்தோப்புக்காரருக்கும் புரியும்.

இன்னொன்று: ‘எழுச்சித்தடை’ என்றால் மக்கள் எழுச்சிக்கு விதித்த தடையாணை போலக் கேட்கிறது.

---

திருத்தணியிலிருந்து:

எழுதடையைக் கைவிடுகிறேன். புத்தூர் அம்மா சொல்லும் இலக்கணம் மறுக்க முடியாதது.

‘இறுக்கம்’ எனக்கும் பிடித்த சொல். ஆனால் அது உடம்பு உணர்வது: தரையருகே ஈரம் மிகுந்து காற்று அசையாத நிலை. சின் இருப்பது தலைக்கு மேலே ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டரில். ராயலசீமைப் பக்கமிருந்து வறண்ட மேற்குக்காற்று அடித்து ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு இறங்கிய மதியத்தில் இறுக்கமே தெரியாது, ஆனால் மேலே சின் கடுமையாக இருக்கலாம். சென்னையின் வானிலைக் குறிப்புகளில் ‘அசௌகரியம்’ என்று வருமிடத்தில் ‘இறுக்கம்’ வந்தால் மகிழ்வேன். அதன் இடம் அதுதான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். காலை 5.30 வானிலை பலூன் பதிவில் தரையிலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் 26 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகமாகாத காற்று மேலே போகப் போகக் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 14.7. ஆகவே தரையில் ஏறக்குறைய 41 டிகிரி ஏறினால்தான் அந்தக் காற்று வெறும் வெயிலின் பலத்தால் அந்த அடுக்கைத் தாண்டும். 39 டிகிரி நாளில் வானம் வெறிச்சென்றிருப்பதற்குக் காரணம் இதுதான். 41 தொடாமலும் இடிக்கும் நாள் உண்டு: மாலையில் உள்ளே வரும் கடற்காற்று எதிர்வரும் மேற்குக்காற்றோடு முட்டி, காற்றை வலிந்து மேலே தள்ளும். ஜவ்வாது மலையிலும் நகரி மலையிலும் முதலில் மேகம் கட்டுவதற்கும் சரிவு தூக்கிவிடுவது ஒரு காரணம்.

இதில் ஒன்று தெளிவாகிறது. மறிக்கும் வெப்ப அடுக்கு வேறு, மறிப்பின் அளவு வேறு. நமக்கு இரண்டு சொல் வேண்டும்.

---

புத்தூரிலிருந்து:

அடுக்குக்கு ‘வெப்பமூடி’. சோற்றுப்பானை மூடி போலத்தான் வேலை செய்கிறது: உள்ளே ஆவி சேரும், மூடி தூக்கினால் ஒரேயடியாக வெளியேறும். ‘மூட்டம்’ வேண்டாம், மேகமூட்டத்தோடு குழம்பும்.

> தடையாணை போலக் கேட்கிறது

‘மின்தடை’யும் பாடநூலில் ஓர் அளவு, செய்தித்தாளில் கரண்ட் போவது. வேகத்தடை சாலையில் கிடக்கிறது. தடை என்ற சொல் இதைத் தாங்கும். ஐயம் தீர, முதல்முறை வருமிடத்தில் மட்டும் ‘காற்றெழுச்சித்தடை’ என்று எழுதலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வினை. கலைச்சொல்லோடு சேர்ந்து நடக்க வினைச்சொல் இல்லையென்றால் அது பட்டியலிலேயே கிடக்கும். மூடி இறுகும், தளரும், திறக்கும். தடை வலுக்கும், குறையும், நீங்கும். இரண்டும் வாக்கியத்தில் ஓடுகின்றன.

ஒரு எச்சரிக்கை. பல வரைபடங்கள் சின்னைக் கழித்தல் குறியோடு தரும். −50 இருந்தது −150 ஆனால் எண் குறைந்ததாகக் கருதி ‘எழுச்சித்தடை குறைந்தது’ என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் மூன்று மடங்காகியிருக்கிறது. தமிழில் குறியை நீக்கி அளவை மட்டும் தருவோம் என்று விதி வைத்துவிடலாம்.

---

குடியாத்தத்திலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொதுமக்களுக்கான பத்தியில் இந்த எண்கள் வேண்டாம். மே மாதத்தில் பெங்களூரா மாங்காய் மரத்தில் நிற்கும். தோப்புக்காரருக்கு வேண்டியது எந்த நேரம், எவ்வளவு காற்று, இவ்விரண்டும்தான். மழைக்கு முன்னால் புழுதியோடு வரும் காற்றில்தான் காய் உதிர்கிறது. மழை வருவதற்குள் சேதம் முடிந்துவிடும்.

‘வெப்ப அலை’ என்பதையும் தளர்வாகப் போடாதீர்கள். இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி சமவெளியில் 40 டிகிரியாவது தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். அல்லது நேராக 45ஐத் தொட வேண்டும். வேலூரில் மே மாதம் 41 அடித்தால் அது கத்திரி வெயில், வெப்ப அலை அல்ல.

---

திருத்தணியிலிருந்து:

இரண்டையும் சேர்த்து வரைவு இதோ. எண்கள் மாதிரிக்கு மட்டும்.

வல்லுநர் பத்தி: “மிதப்பாற்றல் 2800, காற்றெழுச்சித்தடை 120. வெப்பமூடி பிற்பகல் 3 மணிவரை இறுகியிருக்கும். கடற்காற்று முகம் வந்தபின் திருத்தணி, நகரிப் பகுதியில் திறக்கக்கூடும். மேற்கே குடியாத்தத்தில் மலைச்சரிவை ஒட்டி மட்டும்.”

பொதுப் பத்தி: “பகலில் 40 டிகிரி, இறுக்கம் அதிகம். மாலை 5 முதல் 9 மணிக்குள் ஓரிரு இடங்களில் இடிமழை. மழைக்கு முன் மணிக்கு 50 கி.மீ. வரை புழுதிக்காற்று. இடி கேட்டதும் மரத்தடியை விட்டு வீட்டுக்குள் செல்லவும்.”

‘கடற்காற்று முகம்’, அதாவது உள்ளே வரும் கடற்காற்றின் முன்விளிம்பு, இந்தச் சொல் இன்னும் முடிவாகவில்லை. ‘முனை’ என்று சொல்பவர்களும் உண்டு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.