டாம் பாய்ட்: 19 வயதுப் பையனுக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது சரியா?

கணக்குப்பிள்ளை:
இளம் ஆட்டக்காரர் ஒருவருக்காக ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) கிளப் எடுத்த மோசமான முடிவு எது என்று வேறொரு இழையில் பேச்சு வந்தது. என் ஓட்டு டாம் பாய்டுக்கு. அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அவரை வாங்கியவர்கள் மேல்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். 2013 ட்ராஃப்டில், அதாவது கிளப்புகள் முறை வைத்துப் புது இளைஞர்களை எடுக்கும் நிகழ்வில், முதல் தேர்வு பாய்ட். எடுத்தது கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜயண்ட்ஸ். இரண்டு மீட்டர் உயரம், 18 வயது. 2014-இல் 9 ஆட்டம் ஆடினார். அந்த அக்டோபரிலேயே மெல்பர்னின் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அவரை டிரேடில் கொண்டுவந்தது. பதிலுக்குக் கொடுத்தது கேப்டன் ரயன் கிரிஃபனை, கூடவே அந்த ஆண்டு ட்ராஃப்டின் 6-ஆம் தேர்வை. சம்பளம் ஏழு ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. ஒன்பதே ஆட்டம் ஆடிய பையனுக்கு!

புல்டாக்ஸுக்காக அவர் ஆடியது மொத்தம் 52 ஆட்டம். 2019 மே மாதம், 23 வயதில் ஓய்வு. இதை நல்ல வியாபாரம் என்று யாராவது சொல்வீர்களா?

நாலுகம்பம்:
நான் சொல்வேன்.

2016 அக்டோபர் 1, மெல்பர்னின் எம்சிஜி மைதானம், இறுதியாட்டம். புல்டாக்ஸ் 89, சிட்னி ஸ்வான்ஸ் 67. பாய்ட் 3 கோல். அந்தக் கிளப் அதற்கு முன் கோப்பை வென்றது 1954-இல், ஃபுட்ஸ்கிரே என்ற பெயரில். 62 ஆண்டு! தாத்தா பார்த்ததைப் பேரன் பார்க்கவில்லை என்ற நிலைமை. கடைசிக் கால்பகுதியில் டேல் மோரிஸ் லான்ஸ் ஃபிராங்க்ளினை மடக்கிப் பிடிக்க, பந்து சிதறி பாய்ட் கைக்கு வந்தது. மையச் சதுரத்திலிருந்து ஒரே உதை. பந்து தரையில் குதித்து நடுக் கம்பங்களுக்கு இடையே போனது. ஆட்டம் முடிந்தது அங்கேதான், மணி அடித்தபோது அல்ல. அந்த ஓர் உதைக்கே 70 லட்சம் தாராளமாகத் தகும்.

இன்னொன்று. கேப்டனைத் தூக்கிக் கொடுத்தது போல எழுதியிருக்கிறீர்கள். கிரிஃபன் தானாகத்தான் ஜயண்ட்ஸுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். அதே நாட்களில் கோச் பிரெண்டன் மெக்கார்ட்னி விலகினார். ஆடம் கூனி எஸெண்டனுக்கும் ஷான் ஹிக்கின்ஸ் நார்த் மெல்பர்னுக்கும் போனார்கள். ஆதரவாளர்களுக்கு அப்போது நம்பிக்கையாக ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

கணக்குப்பிள்ளை:
கிரிஃபன் கேட்டது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் போக விரும்பும் கேப்டனுக்கு ஈடாக ஒரு நல்ல ஆட்டக்காரரையோ நல்ல தேர்வையோ வாங்கியிருக்க வேண்டும். இவர்கள் கையில் இருந்த 6-ஆம் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அந்த மூன்று கோலைப் பற்றி. அதே இறுதியாட்டத்தில் லியம் பிக்கனும் 3 கோல் அடித்தார். அவர் ரூக்கி பட்டியல் வழியாகக் கிளப்புக்குள் வந்தவர், அதாவது கிட்டத்தட்டச் சும்மா கிடைத்தவர். ஆட்ட நாயகனுக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் ஜேசன் ஜொஹானிசனுக்குப் போனது. பாய்ட் எடுக்கப்பட்ட அதே 2013 ட்ராஃப்டில் நான்காம் தேர்வாகப் புல்டாக்ஸ் எடுத்தது மார்கஸ் பொண்டெம்பெலியை. அணியைக் கட்டியது இப்படிப்பட்ட தேர்வுகள். ஒரு ஆட்டத்தின் முடிவை வைத்து ஏழு ஆண்டு ஒப்பந்தத்தை நியாயப்படுத்தினால் லாட்டரிச் சீட்டு வாங்குவதும் நல்ல முதலீடுதான்.

புதுவாசகன்:
அண்ணா, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஐபிஎல் மட்டும் பார்ப்பவன். ஏலம் எதுவும் இல்லையென்றால் 19 வயதுப் பையனுக்கு இவ்வளவு பணம் எப்படி வந்தது?

நாலுகம்பம்:
நல்ல கேள்வி தம்பி. ட்ராஃப்டில் ஆட்டக்காரருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் தேர்வு, எந்தக் கிளப் கூப்பிடுகிறதோ அந்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். அப்போது முதல் ஒப்பந்தம் இரண்டு ஆண்டு, சம்பளமும் பெரும்பாலும் முன்பே வரையறுக்கப்பட்டது. பெரிய பணம் அதற்குப் பிறகுதான்.

எல்லாக் கிளப்புக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்றுதான். மேலே போகவும் கூடாது, அதில் 95 சதவீதத்துக்குக் கீழே செலவழிக்கவும் கூடாது. மூத்தவர்கள் வரிசையாக வெளியேறி, பட்டியல் முழுக்க இளைஞர்களாக இருக்கும் கிளப்பிடம் பணம் தேங்கும். புல்டாக்ஸ் நிலைமை அதுதான். இரண்டு மீட்டர் உயரத்தில் பந்தைத் தாவிப் பிடித்துக் கோல் அடிக்கும் ஃபார்வர்டு இந்த ஆட்டத்தில் தங்கம். அதனால்தான் அந்தத் தொகை. ஆசை மட்டும் காரணமில்லை.

ஆரஞ்சுச் சட்டை:
ஜயண்ட்ஸ் ஆதரவாளன் பேசுகிறேன். எங்களுக்கு நடந்ததையும் கேளுங்கள். அந்த 6-ஆம் தேர்வில் கேலெப் மார்ச்பேங்கை எடுத்தோம், அவர் 2016 முடிவில் கார்ல்டனுக்குப் போய்விட்டார். கிரிஃபன் 2018-இல் ஓய்வு பெற்றார். ஆக, வாங்கியவனுக்கும் நஷ்டம் விற்றவனுக்கும் நஷ்டம் என்றால் கணக்குப்பிள்ளை ஐயாதான் விளக்க வேண்டும்.

பாய்ட் ஏன் போனார் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எங்களிடம் ஜெரமி கேமரன் இருந்தார், 2011-இன் முதல் தேர்வு ஜோனத்தன் பேட்டனும் இருந்தார். மூன்றாவது உயரக்காரருக்கு எத்தனை பந்து வரும்? பையன் மெல்பர்ன்காரர் வேறு.

அப்புறம் 2016 பிரிலிமினரி ஃபைனல், அதாவது இறுதியாட்டத்துக்கு முந்தைய சுற்று. சிட்னியில், எங்கள் சொந்த மைதானத்தில், புல்டாக்ஸிடம் 89-83 எனத் தோற்றோம். ஆறு புள்ளி என்பது ஒரே ஒரு கோல். ஜோர்டன் ரஃப்ஹெட் கண்ணில் அடிபட்டு வெளியேறிய பிறகு ரக் வேலையை, அதாவது நடுவட்டத்தில் குதித்துப் பந்தைத் தட்டும் வேலையை, தூக்கிச் சுமந்தது பாய்ட். இறுதியாட்டத்தை மட்டும் பேசுகிறீர்கள், அதற்கு முந்தைய வாரம் அவர் இல்லாவிட்டால் புல்டாக்ஸ் எம்சிஜி பக்கமே வந்திருக்காது. எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

யாழினி:
எல்லோரும் கிளப்புக்கு லாபமா நஷ்டமா என்றே பேசுகிறீர்கள். அந்தப் பையனுக்கு என்ன ஆனது? 2015-இலும் 2016-இலும் அவர் சில வாரங்கள் இரண்டாம் அணியில் ஆடினார். 19, 20 வயதில் அது எந்த ஆட்டக்காரருக்கும் சாதாரணம். உயரமான ஃபார்வர்டுகளுக்கு உடம்பு தயாராகவே நான்கைந்து ஆண்டு ஆகும். ஆனால் இவர் இரண்டாம் அணிக்குப் போனால் அது செய்தி. கோலைத் தவறவிட்டால் ஓர் உதைக்கு எவ்வளவு டாலர் என்று கணக்குப் போட்டார்கள். 2017 ஜூலையில் மனநலக் காரணத்தால் ஆட்டத்திலிருந்து விலகி இருந்தார். தூக்கமின்மை, பதற்றம் பற்றி அவரே பிறகு வெளிப்படையாகப் பேசினார். கோப்பை வென்று பத்து மாதம்கூட ஆகவில்லை.

இதில் அவர் முதல் ஆளும் இல்லை. 2008-இன் முதல் தேர்வு ஜாக் வாட்ஸை நினைத்துப் பாருங்கள். பள்ளி மாணவனாக இருக்கும்போதே 2009 ராணி பிறந்தநாள் ஆட்டத்தில் காலிங்வுட்டுக்கு எதிராக இறக்கிவிட்டார்கள். அதன்பின் அவர் என்ன ஆடினாலும் போதவில்லை.

கணக்குப்பிள்ளை:
யாழினி சொல்வது என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. அந்தத் தொகைதான் அவரை அழுத்தியது.

யாழினி:
இல்லை, அப்படி நான் சொல்லவில்லை. மனநலத்துக்கு ஒற்றைக் காரணம் காட்டுவது எனக்கு ஒப்புதல் இல்லை. பணம் குறைவாக இருந்திருந்தாலும் அந்தச் சிரமம் வந்திருக்கலாம். தொகையைத் தடியாக எடுத்து அவரை அடித்தவர்களைத்தான் சொல்கிறேன். அதில் ஊடகமும் உண்டு, நம்மைப் போல இணையத்தில் கணக்குப் போடுபவர்களும் உண்டு. ஓய்வு பெற்றபோது ஒப்பந்தம் 2021 வரை இருந்தது. மீதிப் பணத்தை விட்டுவிட்டுப் போனார். காயப் பட்டியலில் உட்கார்ந்து வாங்கியிருக்கலாம், செய்யவில்லை. இந்த ஒரு விஷயத்தை மோசமான வியாபாரம் என்று எழுதுபவர்கள் குறிப்பிடுவதே கிடையாது.

கணக்குப்பிள்ளை:
குறிப்பிடுகிறேன், அதில் அவர் மேல் மரியாதைதான். என் கேள்வி 2014 அக்டோபரில் மேசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி. ஜயண்ட்ஸுடன் பாய்டின் ஒப்பந்தம் 2015 வரை இருந்தது. ஒரே ஒரு ஆண்டு பொறுத்திருந்தால் ஒப்பந்தம் முடியும் ஆட்டக்காரராக, இதைவிடக் குறைந்த ஈட்டில் கேட்டிருக்கலாம். 6-ஆம் தேர்வாவது கையில் இருந்திருக்கும். பத்தொன்பது, இருபது ஆட்டம் ஆடிய பிறகு அவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்திருக்கும்.

நாலுகம்பம்:
2015 முடிவில் மெல்பர்ன் கிளப்புகள் எல்லாம் அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டியிருக்கும். குறைந்த ஈடு என்பது உங்கள் கற்பனை. அது போகட்டும். புதுக் கோச் லூக் பெவரிட்ஜ் கையில் 2015 முழுக்க இருந்ததால்தான் ஃபார்வர்டாக வந்த பையன் ரக் வேலையும் பழகினான். ஒரு ஆண்டு தள்ளி வந்திருந்தால் ரஃப்ஹெட் வெளியேறிய அந்த இரவில் நடுவட்டத்தில் யார் குதித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
வேறு யாரையாவது குதிக்க வைத்திருப்பார் பெவரிட்ஜ். 2016 லீக் பட்டியலில் ஏழாம் இடத்தில் முடித்து, பெர்த்தில் வெஸ்ட் கோஸ்ட்டையும் எம்சிஜியில் ஹாதோர்னையும் தோற்கடித்த கோச் அவர். அந்த மாதம் எதையும் செய்யக்கூடியவராக இருந்தார். பாய்ட் நன்றாக ஆடினார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கேப்டன் போன ஈடு முழுவதையும், 6-ஆம் தேர்வையும், ஏழு ஆண்டையும் ஒருவர் மேலேயே வைத்ததைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆரஞ்சுச் சட்டை:
சரி ஐயா, உங்களுக்கு அந்தக் கோப்பை வேண்டாமென்றால் எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். எங்கள் அலமாரி காலியாகத்தான் இருக்கிறது.