மேடைப் பாட்டைத் தனியாகக் கேட்டால் போதுமா?

கடைசிவரிசை:
போன வாரம் ஒரு வீட்டு விசேஷத்தில் ஒரு பெண் 'செண்ட் இன் த க்ளவுன்ஸ்' (கோமாளிகளை அனுப்புங்கள்) பாடினாள். நல்ல குரல். முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர், "சர்க்கஸ் பாட்டா சார்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. 1973-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் வந்த 'எ லிட்டில் நைட் மியூசிக்' இசை நாடகத்தின் பாட்டு அது. பாடுகிறவள் ஒரு நடிகை. பழைய காதலனிடம் மனசைத் திறக்கிறாள், அவன் மழுப்பி நழுவுகிறான். நாடகம் சொதப்பினால் சமாளிக்கக் கோமாளிகளை அனுப்புவார்களே, அந்தக் கோமாளியைத்தான் கூப்பிடுகிறாள். கதையிலிருந்து பிய்த்து எடுத்தால் மேடைப் பாட்டுக்குப் பாதி உயிர்தான்.

இயர்போன்வாசி:
அண்ணே, அதை ஊரறியச் செய்தது நாடகமா? 1975-இல் ஜூடி காலின்ஸ் பாடிய இசைத்தட்டு. அடுத்த ஆண்டு கிராமியில் 'ஆண்டின் பாடல்' விருதும் வாங்கியது. தட்டு வாங்கியவர்கள் எல்லாரும் நாடகம் பார்த்தவர்களா? இங்கேயும் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' பார்க்காத வீடுகளில்கூட 'காயாத கானகத்தே' கேட்டிருக்கிறது.

கடைசிவரிசை:
வள்ளியை இழுக்காதீர்கள். முருகன் வள்ளியிடம் போய் வம்பு வளர்ப்பது நம் பாட்டிகளுக்கே மனப்பாடம். அங்கே பாட்டோடு கதையும் கூடவே வந்துவிடுகிறது.

இன்னொன்று. 'க்ளவுன்ஸ்' பாடும் அந்த நடிகை வேடத்தில் நடித்த கிளினிஸ் ஜான்ஸுக்கு மூச்சு நீளாது. அதனால் பாட்டை எழுதி இசையமைத்த சோண்ட்ஹைம் வரிகளைக் குட்டிக் குட்டியாக, பெரும்பாலும் கேள்விகளாக எழுதினார். கேட்கிறாள், நிறுத்துகிறாள், பதில் வரவில்லை, மறுபடி கேட்கிறாள். கச்சேரிப் பாடகர்கள் அந்த இடைவெளிகளை எல்லாம் இழுத்து நிரப்பிவிடுகிறார்கள்.

இயர்போன்வாசி:
அப்படியென்றால் காரணம் நடிகையின் மூச்சு, கதை இல்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள் :)

சுருதிப்பெட்டி:
நடுவில் நுழைகிறேன். 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' இசை நாடகம் 1988 முதல் 2023 வரை பிராட்வேயில் மட்டும் 13,981 காட்சிகள் ஓடியது. அதில் வரும் காதல் பாட்டான 'ஆல் ஐ ஆஸ்க் ஆஃப் யூ'வைக் கல்யாணங்களில் பாடுகிறார்கள். நாடகத்தில் என்ன நடக்கிறது? மொட்டைமாடியில் ரவூலும் கிறிஸ்டினும் காதல் சொல்லிப் பாடிவிட்டுப் போகிறார்கள். கிறிஸ்டினை ஒருதலையாகக் காதலிக்கும் முகமூடி மனிதன் ஃபேன்டம், சிலைக்குப் பின்னால் ஒளிந்து கேட்டவன், வெளியே வந்து அதே மெட்டை அழுதுகொண்டே பாடுகிறான். பிற்பாதியில் கிறிஸ்டினிடம் காதல் சொல்ல அவனுக்கு வாய்க்கிற மெட்டும் இதுதான்: எதிராளியின் பாட்டு! கல்யாணத்தில் இந்த வலி எங்கே போயிற்று?

இயர்போன்வாசி:
எங்கேயும் போகவில்லை, இசைத்தட்டிலேயே இருக்கிறது. காதல் பாட்டு முடிந்த கையோடு அவன் குரல் வருகிறது. வரிசை மாற்றாமல் முழுசாகக் கேட்டால் மேடை எதற்கு? நான் இருட்டில் படுத்துக்கொண்டுதான் கேட்டேன், அழுதேன்.

சுருதிப்பெட்டி:
முழுசாகக் கேட்டேன் என்கிறீர்கள் பாருங்கள், அதையேதான் கடைசிவரிசையும் முதலிலிருந்து சொல்கிறார். தனிப் பாட்டாகக் கேட்டிருந்தால் அழுதிருப்பீர்களா?

இயர்போன்வாசி:
...சரி, அந்த ஒரு பாட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன். 'க்ளவுன்ஸ்' விஷயத்தில் இல்லை.

கடைசிவரிசை:
ஃபேன்டம் அழுத கையோடு சரவிளக்கு விழுமே. தட்டில் அது வெறும் சத்தம். அரங்கில் நம் தலைக்கு மேலிருந்து இறங்கும், முன்வரிசை குனிந்துகொள்ளும்.

இயர்போன்வாசி:
சரவிளக்கு பாட்டு இல்லையே அண்ணே. 2025-இல் 'ஃபேன்டம்' மும்பைக்கு வந்தபோது டிக்கெட் விலையைப் பார்த்தேன். இயர்போனைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டேன்.