பேருந்துக்குக் காத்திருப்பதையும் மீன்பிடித் தடையையும் பொருளியல் விளக்குமா?

கேள்வி: தண்டையார்பேட்டை மாணவி
பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பி.ஏ. பொருளியலில் சேரலாமா என்று யோசிக்கிறேன். பிராட்வேயில் வேலை பார்க்கும் என் அம்மா, மாலையில் ஷேர் ஆட்டோ கண்ணெதிரே நின்றாலும் கட்டணமில்லாப் பேருந்துக்காக அரை மணி நேரம் காத்திருப்பார். காலையில் தாமதமானால் தயங்காமல் ஆட்டோவில் ஏறிவிடுவார். இதையும், காசிமேட்டில் விசைப்படகுகளை ஆண்டுதோறும் கரையில் நிறுத்திவைக்கும் அரசின் முடிவையும் ஒரே பாடம் விளக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கல்லூரி ஆசிரியர், வியாசர்பாடி
உண்மைதான். காலையில் அரை மணி நேரம் பிந்தினால் கூலி குறையும். மாலையில் அதே அரை மணிக்கு அவ்வளவு விலை இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பே வாய்ப்புச் செலவு. உங்கள் அம்மா அதைத் துல்லியமாகவே கணக்கிடுகிறார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். இத்திட்டத்தை எடைபோட, மிச்சமாகும் பணத்தோடு, பேருந்து எவ்வளவு நேரத்துக்கு ஒன்று வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பதில்: காசிமேடு, படகுக் குடும்பம்
கடலில் நான் இன்று பிடிக்காமல் விட்ட மீனை நாளை பக்கத்துப் படகு பிடித்துவிடும் என்பதால், தானாக முன்வந்து வலையைச் சுருட்டிவைக்க எந்த உரிமையாளருக்கும் மனம் வராது; அவரவர் அளவில் நியாயமான முடிவுகளே ஒன்றுசேர்ந்து மீன்வளத்தைக் குலைக்கின்றன. அதனால்தான் கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. ஆனால் அதன் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. தடைக்காலத்தில் ஏலத்தில் வஞ்சிரத்தின் விலை ஏறும்போது, தடைக்கு உட்படாத சிறிய ஃபைபர் படகில் போகிறவர்களுக்கு நல்ல காசு கிடைக்கும். விசைப்படகில் கூலிக்குப் போகிறவருக்கும், ஐஸ் உடைத்துப் போடுகிறவருக்கும் வேலையே இருக்காது. நிவாரணத் தொகை யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. பொதுவளத்தைப் பயன்படுத்தும் மக்களே விதிகளை வகுத்துக் கண்காணிக்கவும் முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரம், 2009-இல் பொருளியல் நோபலைப் பெற்ற முதல் பெண். எங்கள் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்ன வலை கூடாது என்று தீர்மானிப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அவருடைய ஆய்வு மிக நெருக்கமானது.

பதில்: எண்ணூர்
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எங்கள் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. இறால் பிடிப்பவர்கள் இழந்த பிழைப்பு எந்த எரிபொருளின் விலையிலும் சேரவில்லை. இப்படி வெளியே தள்ளப்படும் செலவை வரியாக விதித்து, அதை உண்டாக்கியவரையே ஏற்கச் செய்யலாம் என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920-இலேயே எழுதினார். அந்த இழப்பை அளக்கப் புள்ளியியல் தேவை. ஆகவே கணிதத்துக்கு அஞ்சாமல் சேருங்கள் தங்கையே.