ஓடும்போதே அணைந்து, மறுபடி கிளம்பாத கார்: எங்கள் அனுபவங்கள்

பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருப்பவர், சேலம்

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென அணைந்துபோய், எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் கிளம்ப மறுப்பதும், பட்டறைக்கு இழுத்துச் சென்றதும் ஒன்றும் நடவாததுபோல முதல் திருப்பிலேயே கிளம்பிவிடுவதும் நம்மில் பலர் பட்ட துன்பம்தான். என் வண்டியிலும் கடந்த கோடையில் அதுவே நேர்ந்தது. காரணம் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்த வகைக் கோளாறில், வண்டி கிளம்பாமல் நிற்கும் அந்தச் சிறிது நேரம்தான் சாட்சி. எஞ்சின் குளிர்ந்து கிளம்பிவிட்டால் சாட்சியும் மறைந்துவிடும். அதன்பின் பட்டறையில் நடப்பதெல்லாம் ஊகம்தான்.

ஊகத்தின் பேரில் என் வண்டியில் முதலில் பிளக்குகள் மாற்றப்பட்டன. பிறகு பேட்டரி மாறியது. அதன்பின் ஃபியூவல் பம்பே மாற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் வண்டி சில நாள் நன்றாக ஓடியதால், கோளாறு தீர்ந்துவிட்டதென்றே பட்டறையிலும் நம்பினார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும் வழியில், தருமபுரியைத் தாண்டி, உச்சி வெயிலில் மறுபடியும் அணைந்தது. இருமலோ உதறலோ இல்லை. வேகமானி எண்பதில் இருக்க, எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் ஒரே வீச்சில் பூஜ்யத்தில் போய் விழுந்தது. பின்னால் யோசித்துப் பார்க்கையில், விடை முழுவதும் அந்த ஒரு காட்சியிலேயே இருந்தது. கிளட்ச் மிதிக்காமல் கியரில் போய்க்கொண்டிருக்கும் வண்டியில், தீ நின்றுவிட்டாலும் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டுதான் இருக்கும். பெட்ரோல் தீர்ந்திருந்தால் முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்லத்தான் இறங்கும். எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்தைக் காட்டுகிறது என்றால், சுழற்சியை அளந்து சொல்லும் செய்திதான் எங்கோ அறுந்திருக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எஞ்சின் அணைந்ததும் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக் மிதிக்கத் துணைசெய்யும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் மிஞ்சும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி, ஹசார்ட் விளக்கைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். வண்டி முழுதும் நிற்கும்வரை சாவியை உருவக்கூடாது. உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். தேசிய நெடுஞ்சாலையென்றால் 1033 என்ற உதவி எண் உண்டு.

ஒதுங்கி நின்றபின், பழக்கமான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்டுக்கேட்டுச் சோதிக்கச் சொன்ன முறைக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான ஏற்ற இறக்கத்துடன் சுழல்கிறதா என்று முதலில் கேட்டார். சுழன்றது, ஆகவே பேட்டரியும், கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்), டைமிங்கும் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) பெரும்பாலும் சந்தேகத்திலிருந்து நீங்கின. சாவியை ஆன் நிலையில் வைத்தபோது, பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு மூன்று நொடிகள் முனகிவிட்டு நின்றது. பம்புக்கும், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேவுக்கும் உயிர் இருந்தது. மூன்றாவதாக, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பார்க்கச் சொன்னார். இருநூறு, முந்நூறு என்று சற்றே துள்ள வேண்டிய முள் அசையவே இல்லை. (எல்லா வண்டியிலும் முள் இப்படித் துள்ளுவதில்லை. உங்கள் வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.) வண்டியின் கணினி தரும் தகவல்களைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்று டிக்கியில் கிடந்தது; அதைச் செருகி, செல்ஃப் அடித்துக்கொண்டே கைப்பேசியில் பார்த்தபோதும் எஞ்சின் வேகம் பூஜ்யம்தான்.

"கிராங்க் சென்சார்தான் சார், தொடாமல் ஆறவிடுங்கள், கிளம்பும்" என்றார். ஆறியது, கிளம்பியது.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு எந்த நிலையில், எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதை எஞ்சினை இயக்கும் கணினிக்குச் சொல்வது அந்தச் சென்சார். அதன் செய்தி வராவிட்டால், எஞ்சின் நின்றுவிட்டதாகவே கணினி கருதி, ஸ்பார்க்கையும் இன்ஜெக்டரையும் நிறுத்திவிடும். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் பீச்சிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா? அதற்காகப் பம்புக்குப் போகும் மின்சாரத்தையும் நிறுத்திவிடும். முந்தைய பட்டறை தடுமாறிய இடம் இதுதான். செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்று கண்டு பம்பைக் குற்றவாளியாக்கினார்கள். சென்சாரின் செய்தி வராததால்தான் பம்ப் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. ஸ்கேனரில் பி0335 போன்ற, கிராங்க் சென்சார் கோளாறைச் சொல்லும் குறியீடு எதுவும் பதிவாகாததும் அவர்களைத் திசை திருப்பியது. எஞ்சின் நின்றிருப்பதாகக் கருதும் கணினி, சில வண்டிகளில் குறியீட்டைப் பதிவு செய்யாமலே விட்டுவிடும். குறியீடு இல்லை என்பதைச் சென்சார் நலமாக இருப்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ளக்கூடாது.

மறுநாள் எலெக்ட்ரீஷியன், எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து ஒற்றை போல்ட்டைக் கழற்றி, விரல் நீளச் சென்சாரை வெளியே எடுத்தார். இரண்டு வயர் கொண்ட காயில் (கம்பிச் சுருள்) வகை. மல்டிமீட்டரில் 860 ஓம் காட்டியது. நல்ல சென்சாரும் ஏறத்தாழ அப்படித்தான் காட்டும். பிறகு முடி உலர்த்தும் டிரையரால் அதைச் சூடேற்றினார். அளவு மெல்ல ஏறி ஆயிரத்தைக் கடந்தது. சூட்டில் செம்புக் கம்பியின் தடை கூடுவது இயல்பே, அதில் குற்றமில்லை. ஆனால் சற்று நேரத்தில் எண்கள் தடுமாறி, திரையின் இடக்கோடியில் ஒற்றை 1 மட்டும் நின்றது; இணைப்பு அறுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். உள்ளே முடியினும் மெல்லிய கம்பி எங்கோ விட்டிருந்தது. குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன, சூட்டில் விரிந்து பிரிந்தன. மேசையில் கிடந்து ஆறியதும், மீட்டரில் பழைய எண் திரும்பி வந்ததையும் காட்டினார். புதிய சென்சார் போட்ட பின், இந்தக் கோடையின் வெயிலையும் வண்டி தாங்கிவிட்டது.

முன்பு வாடகைக் கார் ஓட்டியவர், மேட்டுப்பாளையம்

மேலே எழுதியவர் கூறும் "ஆறினால் கிளம்பும்" நோய் எங்கள் தலைமுறைக்குப் பழைய உறவு. அம்பாசிடர், பத்மினி கார்களைக் குன்னூர் மலைப்பாதையில் ஏற்றிய காலத்தில், கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும், இரண்டாம் கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறும் வண்டி திணறித் திணறி நின்றுவிடும். பெட்ரோல் பம்ப் அப்போது எஞ்சினோடு ஒட்டியே இருந்ததால், அந்தச் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பால் ஆவியை உறிஞ்சித் தள்ள முடியாது. ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றி, பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்போம். சீட்டுக்கடியில் ஒரு பழைய துண்டும் தண்ணீர்க் கேனும் இல்லாமல் நாங்கள் மலையேறியதில்லை.

இன்றைய வண்டிகளில் பம்ப் டாங்கிக்குள்ளேயே மூழ்கி நின்று, சுமார் மூன்று பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுவதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் பம்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் களைத்துப்போகும் என்பதை இளைஞர்களுக்குச் சொல்லிவைக்க விரும்புகிறேன். அப்படிப்பட்ட பம்ப் சாகும்போது, வண்டி சட்டென்று அணையாமல், ஏற்றத்தில் இழுவை குறைந்து, விக்கி விக்கித்தான் நிற்கும். அணைந்த விதம் எப்படி என்று எங்கள் பழைய மேஸ்திரி கேட்காமல் பானெட்டைத் தொட்டதே இல்லை.

செடான் உரிமையாளர், மதுரை

என் வண்டி கிளம்பாமல் நின்றபோது, சாவியை ஆன் நிலையில் வைத்தும் பம்ப் முனகவே இல்லை. ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள ஹார்ன் ரிலேவைக் கழற்றிப் பம்ப் ரிலேவின் இடத்தில் பொருத்தியதும் முனகல் வந்தது, வண்டியும் கிளம்பியது. ஹார்ன் இல்லாமல் மெதுவாக வீடு வந்து சேர்ந்து, மறுநாள் புதிய ரிலே வாங்கினேன். மாற்றும் முன் ரிலேயின் மேல் அச்சிட்ட எண்ணும் கால்களின் அமைப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

இன்னொன்று: டேஷ்போர்டு விளக்குகள் உட்பட எல்லாமே ஒருசேர இருண்டிருந்தால், சென்சாரைத் தேடுவதற்கு முன் பேட்டரி டெர்மினல்களை அசைத்துப் பாருங்கள்.

பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருப்பவர், சேலம்

இருவருக்கும் நன்றி. முன்கூட்டியே ஒரு சென்சாரை வாங்கி வைக்கலாமா என்று தனிப்பட்ட முறையில் கேட்ட நண்பருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஊசிகளில் எண்ணெய்ப் பசையோ பச்சை பூத்திருப்பதோ தெரிந்தால், நல்ல சென்சாரும் இதே அறிகுறிகளைக் காட்டும். மூன்று வயர் கொண்ட, காந்தப்புலத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் வகைச் சென்சாராக இருந்தால், ஓம் அளந்து எதையும் முடிவு செய்ய முடியாது. கனெக்டருக்கு வோல்டேஜும் எர்த்தும் வருகின்றனவா, சுழலும்போது சிக்னல் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் சொல்லாமல் விட்ட ஓர் எச்சரிக்கையும் உண்டு. வண்டி அணைந்தபின் செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே விசிறலாகச் சுழன்றால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். அந்த ஒலியைக் கேட்டதும் சாவியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். மேலும் மேலும் செல்ஃப் அடித்தால், தப்பியிருக்கும் வால்வுகளும் வளைந்துபோகும். அப்போது ஆறவிட்டுப் பார்ப்பதற்கு எதுவுமில்லை; இழுவை வண்டியை அழைப்பதே சரி.